எண் பொருந்தினால் போதுமா? பழைய அமெரிக்கக் காரின் அசல் இன்ஜினைக் கண்டறியும் முறை

ஒரே ஆண்டில் தயாரான இரண்டு கார்கள். இரண்டும் 1969ஆம் ஆண்டின் செவ்ரோலெ கமாரோ இசட்-28 ரகம். ஒரே நீல நிறம், பானெட்டின் மேல் ஒரே வெள்ளைப் பட்டைகள். பானெட்டைத் திறந்தால் இரண்டிலும் வி-8 இன்ஜின். முடுக்கிவிட்டால் எழும் உறுமலில்கூட வேறுபாடு தெரியாது. ஆனால் விற்பனைக்கு வரும்போது மட்டும் இரண்டின் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்துவிடுகிறது.

காரணம் ஒன்றுதான். முதல் காரில் இருப்பது, 1969இல் தொழிற்சாலையில் அந்தக் காருக்கென்றே பொருத்தப்பட்ட இன்ஜின். இரண்டாவது காரில் இருப்பது, பின்னாளில் வேறு எங்கிருந்தோ வந்த இன்ஜின். அந்தக் கால அமெரிக்க 'மசல் கார்'களைச் சேகரிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "அசல் இன்ஜின்தானா?" என்பதாக இருப்பது இதனால்தான். இந்தக் கேள்விக்குப் பெரும் பணம் பதிலாகக் கிடைப்பதால், பொய்யான பதில்களும் சந்தைக்கு வந்துவிடுகின்றன. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரு காரை வாங்கிவிட்டு, பல ஆண்டுகள் கழித்து விற்கப் போகும்போதுதான் உண்மை தெரிந்து திகைப்பவர்கள் உண்டு.

ஓர் இன்ஜின் அசலா இல்லையா என்பதை எப்படி அறிவது? இரும்பில் பதிந்துள்ள எண்கள்தாம் சாட்சி. ஆனால் ஒரே ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. வெவ்வேறு ஆலைகளில், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு தொழிலாளர்கள் பதித்த குறிகள் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் நம்பலாம்.

மசல் கார் என்பது எது?

நடுத்தர அளவுள்ள, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய காருக்குள் மிகப் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்தினால் அது மசல் கார். 1964இல் போன்டியாக் நிறுவனம் தன் நடுத்தரக் காரில் 389 கன அங்குல, அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர் இன்ஜினைப் பொருத்தி 'ஜிடிஓ' என்ற பெயரில் விற்றது. இந்த வகைக் கார்களுக்கு வழிகாட்டியாக அதைத்தான் பலர் குறிப்பிடுவார்கள். செவ்ரோலெ செவெல், பிளைமவுத் 'குடா, டாட்ஜ் சார்ஜர், ஃபோர்டு மஸ்டாங் என்று ஒரு வரிசையே அதன் பின் வந்தது. கிரைஸ்லர் நிறுவனத்தின் 426 ஹெமி இன்ஜின் 7 லிட்டர் கொள்ளளவு கொண்டது.

கமாரோ இசட்-28இன் கதை சற்று வேறு. அதன் இன்ஜின் 302 கன அங்குலம் மட்டுமே. அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார்ப் பந்தயத்தில் கலந்துகொள்ள 305 கன அங்குலம், அதாவது 5 லிட்டர், உச்ச வரம்பாக இருந்தது. அந்த வரம்புக்குள் நிற்பதற்காகவே 302 இன்ஜின் உருவாக்கப்பட்டது. நிறுவனம் அறிவித்த திறன் 290 குதிரைசக்தி.

இந்த ரகக் கார்களில் மிக அரிதானவை எந்த உயரத்துக்குப் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1971ஆம் ஆண்டின் ஹெமி 'குடா திறந்த கூரைக் கார்கள் மொத்தமே 11தான் தயாராயின. அவற்றில் ஒன்று 2014 ஜூன் மாதம் சியாட்டல் நகர ஏலத்தில் 3.5 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது.

இன்ஜின்கள் ஏன் மாறின?

இன்று பொக்கிஷமாகக் கருதப்படும் இந்தக் கார்கள் அன்று பொக்கிஷம் அல்ல. வாங்கியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வார நாட்களில் வேலைக்கு ஓட்டிச் சென்றார்கள், வார இறுதியில் கால் மைல் பந்தயத் தடத்தில் விரட்டினார்கள். தாங்க முடியாத வேகத்தில் சுழன்ற இன்ஜின்கள் வெடித்தன. உடைந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் கிடைத்ததைப் பொருத்தினார்கள். இன்னும் பெரிய இன்ஜின் வேண்டும் என்பதற்காக நல்ல நிலையில் இருந்ததைக் கழற்றியவர்களும் உண்டு.

1971ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து, ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப, ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. காப்புறுதிக் கட்டணங்களும் ஏறின. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் பெரிய வி-8 கார்கள் ஒரே அடியாக மலிந்தன. மலிவான பழைய காரின் இன்ஜினைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாகனப் பதிவில் சேசிஸ் எண்ணுடன் இன்ஜின் எண்ணும் இருக்கும். இன்ஜினை மாற்றினால் அதிகாரிகளின் அனுமதி தேவை. அமெரிக்காவில் இந்தக் காலத்துக் கார்களின் உரிமைப் பத்திரத்தில் இருப்பது வாகன அடையாள எண் மட்டுமே. இன்ஜின் எத்தனை முறை மாறினாலும் அந்தப் பத்திரம் ஒன்றும் சொல்லாது. எனவே உண்மையை காரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வாகன அடையாள எண் என்ன சொல்லும்?

இன்றைய கார்களுக்கு 17 இடங்கள் கொண்ட அடையாள எண் உண்டு. 1981ஆம் ஆண்டு ரகங்களிலிருந்துதான் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. 1969 கமாரோவின் எண்ணில் 13 இடங்கள். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஓட்டுநர் பக்கத்து டாஷ்போர்டின் மேல் அந்தத் தகடு தெரியும். அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் பக்கம் என்றால் இடப்புறம்.

அந்த எண் 124379 என்று தொடங்குவதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் வரும் 1 செவ்ரோலெயைக் குறிக்கும். அடுத்த 24 என்பது வி-8 இன்ஜின் கொண்ட கமாரோ. ஆறு சிலிண்டர் என்றால் 23 என்று இருக்கும். 37 என்பது மூடிய கூரை, 67 என்பது திறந்த கூரை. 9 என்பது 1969ஆம் ஆண்டு ரகம். அதன் பின் ஓர் எழுத்து வரும். அது 'என்' என்றால் ஒஹாயோ மாநிலத்து நோர்வுட் ஆலை, 'எல்' என்றால் கலிபோர்னியாவின் வேன் நைஸ் ஆலை. கடைசி ஆறு இலக்கங்கள் அந்தக் காரின் வரிசை எண்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்த எண் "வி-8" என்று மட்டுமே சொல்கிறது. எந்த வி-8 என்று சொல்லவில்லை. இசட்-28இன் 302 இன்ஜினுக்கும், அக்கம்பக்கத்தார் கடைக்கு ஓட்டிப் போன சாதாரண வி-8க்கும் அடையாள எண்ணின் தொடக்கம் ஒன்றே. செவ்ரோலெ தன் அடையாள எண்ணில் இன்ஜினுக்குத் தனிக் குறியீடு சேர்த்தது 1972ஆம் ஆண்டு ரகங்களில்தான். போன்டியாக்கிலும் இதே நிலை இருந்தது. 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஜிடிஓ என்பது லெமான்ஸ் காருக்கான ஒரு கூடுதல் தேர்வு மட்டுமே. அதனால் அந்த ஆண்டுகளின் அடையாள எண் லெமான்ஸ் என்றே காட்டும்.

ஃபோர்டும் கிரைஸ்லரும் இந்த விஷயத்தில் தாராளம். 1969 மஸ்டாங்கின் எண்ணில் ஐந்தாவது இடத்தில் இருக்கும் எழுத்து இன்ஜினைக் குறிக்கும். 'ஜி' என்றால் பாஸ் 302, 'ஆர்' என்றால் காற்றை நேராக உள்வாங்கும் 428 கோப்ரா ஜெட். பிளைமவுத், டாட்ஜ் கார்களிலும் ஐந்தாவது இடம்தான். 1970 'குடாவில் அங்கே 'ஆர்' இருந்தால் 426 ஹெமி.

ஆனால் இவையும் ஓர் அளவுக்குத்தான் உதவும். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது எந்த வகை இன்ஜின் இருந்தது என்பதைத்தான் அடையாள எண் சொல்லும். இன்று பானெட்டுக்குக் கீழே இருப்பது அதே இன்ஜின்தானா என்பதற்கு இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினில் இருக்கும் நான்கு குறிகள்

302 போன்ற செவ்ரோலெயின் சிறிய பிளாக் வி-8 இன்ஜினில் நான்கு குறிகளைத் தேட வேண்டும். இவற்றில் இரண்டு வார்ப்பில் வந்தவை, இரண்டு உளியால் குத்தப்பட்டவை. வார்ப்பில் வந்த எழுத்துகள் புடைத்து நிற்கும். குத்தப்பட்டவை பள்ளமாக இருக்கும். இந்த வேறுபாடு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, வார்ப்பு எண். இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம், கியர்பெட்டி சேரும் விளிம்பில், ஓட்டுநர் பக்கம் இருக்கும். உருகிய இரும்பை எந்த அச்சில் ஊற்றினார்கள் என்பதை இது காட்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. 3970010 என்ற வார்ப்பு எண் 1969இன் 302 இன்ஜினிலும் உண்டு, 1970களில் பெருமளவில் தயாரான 350 இன்ஜின்களிலும் உண்டு. "வார்ப்பு எண் சரியாக இருக்கிறது, ஆகவே அசல்" என்று ஒருவர் சொன்னால், அது ஒரே பள்ளியில் படித்த எல்லாரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்வதைப் போன்றது.

இரண்டாவது, வார்ப்புத் தேதி. இது பின்பக்க விளிம்பிலேயே, பயணி பக்கம் இருக்கும். ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். எழுத்து மாதத்தைக் குறிக்கும். 'ஏ' ஜனவரி, 'பி' பிப்ரவரி என்று தொடங்கி 'எல்' டிசம்பரில் முடியும். 'சி 14 9' என்று இருந்தால் மார்ச் 14, 1969. ஆனால் அதே குறி 1979 மார்ச் 14ஐயும் குறிக்கலாம். பத்தாண்டைச் சொல்லும் இலக்கம் அதில் இல்லை. எனவே இதுவும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது.

மூன்றாவது, இன்ஜின் பூட்டப்பட்ட ஆலையின் முத்திரை. இன்ஜினின் முன்பக்கம், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், பிளாக்கின் மேல்தளம் சிறு திண்ணைபோல் நீண்டிருக்கும். ஆல்டர்னேட்டர் அதை மறைத்திருக்கலாம். அந்தத் திண்ணையில் 'வி 0324' என்று தொடங்கும் ஒரு வரி இருந்தால், 'வி' என்பது மிச்சிகனின் ஃபிளிண்ட் இன்ஜின் ஆலை, 0324 என்பது மார்ச் 24. அதன் பின் வரும் எழுத்துகள் இன்ஜின் எந்தக் காருக்காக, எந்த அமைப்பில் பூட்டப்பட்டது என்பதைச் சொல்லும். 1969 இசட்-28இன் 302 இன்ஜினுக்கு அவை ஆங்கிலத்தின் நான்காவது எழுத்தும் கடைசி எழுத்தும், அதாவது 'டி இசட்'.

நான்காவது குறிதான் மிக முக்கியம். காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி இன்ஜினிலும் குத்தப்பட்டிருக்கும். கமாரோவில் இந்த வழக்கம் 1968இலிருந்து உண்டு. நோர்வுட் ஆலையில் தயாரான 1969 காரில் அது '19என்' என்று தொடங்கி, காரின் ஆறு இலக்க வரிசை எண்ணோடு முடியும். சில இன்ஜின்களில் அது முன்பக்கத் திண்ணையிலேயே இருக்கும், சிலவற்றில் எண்ணெய் வடிகட்டிக்கு மேலே பிளாக்கில் இருக்கும். டாஷ்போர்டில் உள்ள வரிசை எண்ணும் இதுவும் ஒன்றாக இருந்தால்தான் "இந்தக் காருக்குப் பிறந்த இன்ஜின்" என்று பேசவே தொடங்கலாம். கியர்பெட்டியிலும் இதே பகுதி எண் குத்தப்பட்டிருக்கும்.

தேதிகள் வரிசையில் நிற்க வேண்டும்

நான்கு குறிகளும் கிடைத்துவிட்டன. அடுத்து அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பிளாக் வார்க்கப்பட்டது 1969 மார்ச் 14. இன்ஜின் பூட்டப்பட்டது மார்ச் 24. இனி காரின் தேதி வேண்டும். அது இன்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். அங்கே '04ஏ' என்றால் ஏப்ரல் முதல் வாரம்.

வார்ப்பு, பூட்டல், பொருத்தல் என்ற வரிசையில் தேதிகள் முன்னேறுகின்றன. இடையே சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. கார் ஏப்ரலில் தயாராகி, பிளாக் ஜூனில் வார்க்கப்பட்டிருந்தால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. தாய்க்கு முன் பிள்ளை பிறக்க முடியாது.

ஆண்டு விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அடையாள எண்ணில் உள்ள 9 என்பது ரகத்தின் ஆண்டு. வார்ப்புத் தேதியில் உள்ளது நாட்காட்டி ஆண்டு. 1969 ரகக் கார்கள் 1968ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே தயாராகத் தொடங்கிவிட்டன. ஆகவே அந்தக் காலத்துக் காரின் பிளாக்கில் 8 என்று இருந்தால் அது தவறல்ல. அதைப் பார்த்து நல்ல காரை வேண்டாம் என்று ஒதுக்குபவரும் ஏமாந்தவர்தான்.

ஃபயர்வால் தகடு இன்னொரு வகையிலும் உதவும். நோர்வுட் ஆலை 1968 டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து தன் கார்களின் தகடுகளில் 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும் குறியீட்டைப் பதித்தது. எக்ஸ் 33, எக்ஸ் 77 ஆகிய இரண்டும் இசட்-28ஐக் குறிக்கும். மேலே சொன்ன ஏப்ரல் மாதக் கார் நோர்வுட்டில் தயாரானது என்றால் இந்த இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். வேன் நைஸ் ஆலைத் தகடுகளில் இந்த வசதி இல்லை.

அதுமட்டுமல்ல, இசட்-28 ரகம் ஆட்டோ கியரிலோ, தொழிற்சாலை குளிர்சாதன வசதியுடனோ அப்போது விற்கப்படவில்லை. நான்கு கியர் கொண்ட மேனுவல் மட்டுமே. குளிர்சாதனம் பொருத்தியே தொழிற்சாலையிலிருந்து வந்த உடலில் 302 இன்ஜின் இருந்தால், இன்ஜின் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அது அந்தக் காருக்கு உரியதல்ல.

எண் இல்லை என்றால் மோசடியா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. இன்ஜினைப் பிரித்து மறுசீரமைக்கும்போது, சிலிண்டர் ஹெட் சமமாக உட்கார வேண்டும் என்பதற்காகப் பிளாக்கின் மேல்தளத்தை இயந்திரத்தில் சீவுவார்கள். பட்டறைகளில் இது அன்றாட வேலை. முத்திரை குத்திய திண்ணையும் அதே தளத்தில் இருப்பதால், சீவும்போது எண்கள் மறைந்துவிடும். 1975இல் ஒரு மெக்கானிக் நல்ல எண்ணத்தோடு செய்த வேலை, இன்று அந்தக் காரின் பெரும் சான்றை அழித்திருக்கலாம். அப்படிப்பட்ட இன்ஜின் அசலாகவே இருக்கக்கூடும். நிரூபிக்கத்தான் வழி குறைவு. எண்ணெய் வடிகட்டிக்கு மேலே பகுதி எண் குத்தப்பட்ட இன்ஜின்களுக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. மேல்தளத்தைச் சீவினாலும் அந்த எண் தப்பிவிடும்.

திண்ணையில் வழக்கமான முத்திரைக்குப் பதிலாக 'சி இ' என்ற இரண்டு எழுத்துகளும் சில இலக்கங்களும் இருந்தால், அது உத்தரவாதக் காலத்தில் நிறுவனமே மாற்றிக் கொடுத்த பிளாக். எழுத்துகளை அடுத்து வரும் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். இது பிறவி இன்ஜின் அல்ல, ஆனால் மோசடியும் அல்ல. முகவரின் பழுதுபார்ப்பு ரசீதும் உடனிருந்தால் காரின் வரலாற்றில் நேர்மையான ஒரு பக்கமாகவே அதைச் சேகரிப்பாளர்கள் ஏற்கிறார்கள்.

பொய் முத்திரை எப்படிப் பிடிபடுகிறது?

எங்கோ கிடைத்த பொருத்தமான தேதியுள்ள பிளாக்கை எடுத்து, திண்ணையைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, வேண்டிய எண்களைப் புதிதாகக் குத்துவது இந்தத் துறையின் பழைய மோசடி. எழுத்து உளிகள் கடையில் கிடைக்கும். எண்களும் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் எண்ணுக்குக் கீழே இருக்கும் இரும்பின் மேற்பரப்பைப் போலியாக உருவாக்குவது கடினம்.

ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சமன்படுத்தப் பல பற்கள் கொண்ட பெரிய இழைப்புக் கருவியைப் பயன்படுத்தினார்கள். அது பிளாக்கின் நீளவாக்கில் ஒரே திசையில் ஓடி, நேரான மெல்லிய கோடுகளை விட்டுச்செல்லும். எண்கள் அந்தக் கோடுகளின் மேல் குத்தப்பட்டிருக்க வேண்டும். பட்டறை இயந்திரத்தில் சீவிய தளத்தில் கோடுகள் வட்ட வளைவுகளாக இருக்கும். கையால் தேய்த்த தளத்தில் கோடுகளே இருக்காது, அல்லது தாறுமாறாக இருக்கும். பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் பிடித்த விளக்கும் இந்த உண்மையை வெளிக்கொண்டுவரும். கோடுகளையும் செயற்கையாகக் கீறுபவர்கள் இருப்பதால், அனுபவமுள்ள நிபுணர்கள் ஒரே ஆலையில் ஒரே காலத்தில் குத்தப்பட்ட பிற இன்ஜின்களின் படங்களைச் சேர்த்துவைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தேதியும் குறியீடும் கொண்ட முத்திரை இன்ஜின் ஆலையில் குத்தப்பட்டது. பகுதி அடையாள எண் கார் பூட்டும் ஆலையில் குத்தப்பட்டது. இரண்டு ஊர்கள், இரண்டு கருவிகள், இரண்டு கைகள். எனவே எழுத்தின் வடிவமும் ஆழமும் இடைவெளியும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. இரண்டு வரிகளும் ஒரே கை எழுதியதுபோல் அழகாக, நேராக, ஒரே ஆழத்தில் இருந்தால் அந்த அழகே சந்தேகத்துக்குக் காரணம். நகர்ந்துகொண்டிருந்த உற்பத்தி வரிசையில் அவசரமாகக் குத்திய தொழிலாளியின் எண் சில இடங்களில் சாய்ந்தும், மங்கியும் இருக்கும்.

உளியின் அடி விழும்போது எண்ணுக்குக் கீழே உள்ள உலோகமும் நெரிந்துபோகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த நெரிசல் சற்று ஆழத்தில் மிஞ்சும். காவல்துறை ஆய்வுக்கூடங்கள் அமிலம் தடவி அழிந்த எண்களை மீட்பது இந்த அடிப்படையில்தான்.

காரின் அடையாளத் தகட்டையே மாற்றுவது இதைவிடப் பெரிய குற்றம். வாகன அடையாள எண்ணை அகற்றுவதும் திருத்துவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி தண்டனைக்குரியவை. டாஷ்போர்டுத் தகட்டை ஜெனரல் மோட்டார்ஸ் பூவிதழ் வடிவத் தலை கொண்ட சிறப்பு ரிவெட்டுகளால் பொருத்தியது. சாதாரண ரிவெட்டுகள் தெரிந்தால் எச்சரிக்கை தேவை. அடையாள எண்ணின் ஒரு பகுதி கமாரோவின் உடலில் மறைவான இடங்களிலும் குத்தப்பட்டிருக்கும். ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருப்பது அவற்றில் ஒன்று. தகடு ஒன்று சொல்லி, மறைவான எண் வேறொன்று சொன்னால் அந்தக் காரை வாங்கவே கூடாது.

காகிதங்களின் சாட்சியம்

இரும்புக்கு அடுத்தபடியாக ஆவணங்கள். இதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம். ஃபோர்டின் 1967 முதலான தயாரிப்பு விவரங்களைக் கொண்டு 'மார்ட்டி அறிக்கை' வழங்கப்படுகிறது. போன்டியாக் கார்களுக்கு 'போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்' என்ற அமைப்பு பழைய பட்டியல் சீட்டின் நகலைத் தருகிறது. கிரைஸ்லர் கார்களில் முன்சக்கர உட்காப்பில் ஒரு குறியீட்டுத் தகடு உண்டு. 1970இன் ஹெமி காருக்கு அதில் 'இ 74' என்று இருக்கும். இருக்கையின் கம்பிச் சுருள்களுக்குள் செருகப்பட்ட தயாரிப்புத் தாள் இன்றும் சில கார்களில் கிடைக்கிறது.

செவ்ரோலெயில்தான் கை விரிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலக் கமாரோ ஒவ்வொன்றிலும் எந்த இன்ஜின் போனது என்ற பதிவேடு அமெரிக்காவில் பாதுகாக்கப்படவில்லை. கனடாவில் விற்கப்பட்ட கார்களுக்கு மட்டும் அந்நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் விவரம் தருகிறது. மற்றவர்களுக்கு முதல் உரிமையாளரின் உத்தரவாதப் புத்தகத்தில் பதித்திருந்த சிறிய உலோக அட்டை கிடைத்தால் அதுவே பெரும் பேறு. 1965 முதல் 1972 வரை வழங்கப்பட்ட அந்த அட்டையில் காரின் எண்ணும் இன்ஜின் முத்திரையும் புடைப்பெழுத்தில் இருக்கும். ஆனால் அட்டையையும் போலியாகச் செய்ய முடியும். ஆகவே காகிதம் இரும்பை உறுதிப்படுத்த வேண்டும், இரும்பு காகிதத்தை உறுதிப்படுத்த வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

விற்பவர் "நம்பர் மேட்சிங்" என்று சொன்னால், எந்த எண் எந்த எண்ணோடு பொருந்துகிறது என்று கேட்க வேண்டும். இந்தச் சொல்லை எல்லாரும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. காரின் வரிசை எண் இன்ஜினிலும் இருக்கிறது என்பது ஒரு பொருள். அதே வகை, அதே காலத்து இன்ஜின் என்பது இன்னொரு பொருள். இரண்டாவதை முதலாவதன் விலைக்கு விற்பதில்தான் பல வழக்குகளும் மனக்கசப்புகளும் தொடங்குகின்றன.

பிறகு காரைப் பார்க்கும் முறை. முதலில் டாஷ்போர்டுத் தகடும் ரிவெட்டுகளும். அடுத்து உடலில் மறைந்துள்ள எண். அதன் பின் ஃபயர்வால் தகட்டின் தேதி. கடைசியாக இன்ஜினின் நான்கு குறிகள். எல்லாவற்றையும் படமெடுத்து, ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் பொருந்தாதது தானாகத் தெரியும்.

முத்திரைத் திண்ணையில் எண்ணெய்ப் பிசுக்கோ பெயின்டோ இருந்தால், கரைப்பான் தொட்ட மெல்லிய துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் பக்கத்திலேயே வரக்கூடாது. எண்ணைத் தெளிவாகப் பார்க்கும் ஆசையில் அந்த மெல்லிய கோடுகளைத் தேய்த்துவிட்டால், உண்மையான முத்திரையும் பொய் முத்திரைபோல் ஆகிவிடும். பெரிய தொகை கைமாறும் வேளையில், விற்பவரோடு தொடர்பில்லாத நிபுணர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்துப் போவது செலவல்ல, காப்பு.

விற்பவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவரே ஏமாந்து வாங்கியிருக்கலாம். பொய் முத்திரை குத்தியவர் எப்போதோ பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டிருப்பார். அதன் பின் அந்தக் காரை வாங்கியவர்கள் எல்லாரும் நம்பி வாங்கியவர்கள்தாம். கடைசியாக யார் கையில் உண்மை வெளிப்படுகிறதோ, இழப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது.

"இது அசல் இன்ஜின் அல்ல, ஆனால் அதே காலத்தைச் சேர்ந்தது" என்று எழுதிக் கொடுத்து விற்கப்படும் காருக்கும் நல்ல வாங்குபவர்கள் இருக்கிறார்கள். விலை குறையும், அவ்வளவுதான். ஓட்டும் இன்பம் குறையாது. நாளை ஒருவேளை அந்தக் காரின் பிறவி இன்ஜின் எங்கேனும் ஒரு பட்டறை மூலையில் கிடைத்தால், இரண்டையும் சேர்த்துவிடவும் முடியும். பொய் எண் குத்தப்பட்ட பிளாக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் அசல் முத்திரை தேய்த்தபோதே போய்விட்டது. அது எந்தக் காருக்காகப் பிறந்த இன்ஜின் என்பதையும் இனி யாரும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஒரு பொய்யால் இரண்டு கார்களின் வரலாறு அழிகிறது.